எளிய ஆங்கிலம்: படிவத்தில் ‘ஐ’ யார், ‘வீ’ யார்?



நம்ம கிராமங்களில் வயதான பெண்கள் பலர் இன்றைக்கும் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ‘அவரு சந்தைக்குப் போயிருக்காரு’, ‘அவங்க வந்ததும் கேட்டுச் சொல்றேன்’ என்பார்கள். கேட்பவருக்கும் யாரென்று தெரிந்துவிடும். பெயர் வர வேண்டிய இடத்தில் ‘அவரு’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கில இலக்கணத்தில் ‘புரோநவுன்’ என்று சொல்வது இதைத்தான். ‘நவுன்’ என்றால் பெயர்ச்சொல். அந்தப் பெயருக்குப் பதிலாக வருவது புரோநவுன். தமிழில் பிரதிப் பெயர்ச்சொல் என்பார்கள். ஆகவே இது நமக்குப் புதுசு இல்லைங்க. நாம் தினமும் பேசுவதுதான்.

‘பிள்ளைகள் படிக்க வேண்டிய இலக்கணம் நமக்கு எதுக்கு?’ என்று சில குழுக்களில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வங்கிப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். செக், கடன் பத்திரம், இன்சூரன்ஸ் தாள், செல்போனில் வரும் குறுஞ்செய்தி என்று எதை எடுத்தாலும் பணம் யாருடையது, கடனை யார் கட்ட வேண்டும், யார் பொறுப்பு என்பதைச் சொல்கிற வார்த்தைகள் பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்னப் பிரதிப் பெயர்கள்தான். ஓர் எழுத்து, ஈரெழுத்து வார்த்தைதானே என்று தாண்டிப் போய்விடுகிறோம். கையெழுத்து போடும் நமக்கு மற்ற வார்த்தைகளை விட இவை முக்கியம். அதனால் இந்த மாதம் பள்ளிப் புத்தகத்தை விட நம் கைப்பையில் உள்ள காகிதங்களை வைத்தே பாடம் படிப்போம்.

தன்மை, முன்னிலை, படர்க்கை

பள்ளியில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? பேசுகிறவர் தன்மை. கேட்கிறவர் முன்னிலை. பேசப்படுகிறவர் படர்க்கை. ஆங்கிலத்திலும் இதே மூன்று இடம்தான். இவற்றைப் ‘பெர்சனல் புரோநவுன்’ என்பார்கள்.

தன்மையில் ‘ஐ’ என்றால் நான். ‘வீ’ என்றால் நாம் அல்லது நாங்கள். முன்னிலையில் ‘யூ’ ஒன்றுதான். நீ, நீங்கள் இரண்டுக்கும் அதே வார்த்தை. படர்க்கையில் ஆணுக்கு ‘ஹீ’, பெண்ணுக்கு ‘ஷீ’, பொருளுக்கும் ஆடு மாட்டுக்கும் ‘இட்’, பலருக்கும் பல பொருளுக்கும் ‘தே’.

இங்கே இரண்டு வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும். ஒன்று மரியாதை. தமிழில் அவன், அவர் என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் மரியாதைக்குத் தனி வார்த்தை கிடையாது. கலெக்டர் அம்மாவையும் ‘ஷீ’ என்றுதான் சொல்ல வேண்டும், கைக்குழந்தையையும் ‘ஷீ’ என்றுதான் சொல்ல வேண்டும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மேனேஜரிடம் ‘யூ’ என்று பேசக் கூச்சப்படும் சகோதரிகள் பயப்படாமல் பேசலாம்.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் பெரிசு. தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் சேர்த்தி இல்லை. ‘நாம கடன் வாங்கலாம்’ என்றால் நீங்களும் உண்டு. ‘நாங்க கடன் வாங்கப் போறோம்’ என்றால் நீங்கள் வெளியே. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு இல்லை. இரண்டுக்கும் ‘வீ’தான். ஆகவே ஆங்கிலத் தாளில் ‘வீ’ என்று வந்தால், அதற்குள் நாம் இருக்கிறோமா இல்லையா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

உருவம் மாறும் வார்த்தைகள்

தமிழில் ‘அவர்’ என்ற சொல்லோடு ஒட்டுச் சேர்த்து அவரை, அவருக்கு, அவருடைய என்கிறோம். ஆங்கிலத்தில் ஒட்டுச் சேராது, வார்த்தையே மாறிவிடும். இதைக் கூட்டம் முடிந்ததும் வாய்ப்பாடு மாதிரி நாலு தடவை சேர்ந்து சொல்லிப் பாருங்கள்.

ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப்
வீ, அஸ், அவர், அவர்ஸ், அவர்செல்வ்ஸ்
யூ, யூ, யுவர், யுவர்ஸ், யுவர்செல்ஃப்
ஹீ, ஹிம், ஹிஸ், ஹிஸ், ஹிம்செல்ஃப்
ஷீ, ஹெர், ஹெர், ஹெர்ஸ், ஹெர்செல்ஃப்
தே, தெம், தேர், தேர்ஸ், தெம்செல்வ்ஸ்

முதல் வரியை மட்டும் விளக்கினால் மற்றது தானே வரும். ‘ஐ’ நான். ‘மீ’ என்னை அல்லது எனக்கு. ‘மை’ என்னுடைய, அதன் பின்னால் பொருளின் பெயர் கட்டாயம் வரும். ‘மை பாஸ்புக்’ என்பது போல. ‘மைன்’ என்றால் என்னுடையது. அதன் பின்னால் எதுவும் வராது. ‘திஸ் பாஸ்புக் ஈஸ் மைன்’, இந்தப் பாஸ்புக் என்னுடையது. ‘மைசெல்ஃப்’ பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

இரண்டாவது வரியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘நம்முடைய’ என்பதற்கான ஆங்கில வார்த்தையைத் தமிழில் எழுதினால் ‘அவர்’ என்றே வருகிறது. ‘அவர் குரூப்’ என்றால் ஆங்கிலத்தில் நம்ம குழு. வேறு யாரோ ஒருவருடைய குழு என்று நினைத்துவிடாதீர்கள்!

மைன், அவர்ஸ், யுவர்ஸ் இவை உடைமையைச் சொல்வதால் ‘பொசெசிவ் புரோநவுன்’. ஆங்கிலக் கடிதத்தின் முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று எழுதுகிறார்களே, அந்த ‘யுவர்ஸ்’ இதுதான். நம் விண்ணப்பத்தில் ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்று போடுவதற்குச் சமம்.

ஒரு சின்னப் பழக்கம். ‘நானும் செல்வியும் போனோம்’ என்று தமிழில் நம்மை முதலில் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘செல்வி அண்ட் ஐ’ என்று தன்னைக் கடைசியில் சொல்வதுதான் முறை. எழுதும்போது ‘ஐ’ எங்கே வந்தாலும் பெரிய எழுத்து.

படிவத்தில் ‘ஐ’ சாய்கோடு ‘வீ’

வங்கியில் தரும் பல படிவங்களில் வாசகம் ‘ஐ’, பக்கத்தில் ஒரு சாய்கோடு, அடுத்து ‘வீ’ என்று தொடங்கும். ‘நான் அல்லது நாங்கள்’ என்று அர்த்தம். ஒருவர் தனியாகக் கணக்கு தொடங்கினாலும் பலர் சேர்ந்து தொடங்கினாலும் ஒரே படிவம் பயன்படட்டும் என்று இப்படி அச்சடிக்கிறார்கள். பொருந்தாததை நாம்தான் அடிக்க வேண்டும். தனி ஆளாக விண்ணப்பித்தால் ‘வீ’யை அடித்துவிடுங்கள். குழுவாக விண்ணப்பித்தால் ‘ஐ’யை அடித்துவிடுங்கள். அதே வாசகத்தில் பின்னால் ‘மை’ சாய்கோடு ‘அவர்’ என்றும், ‘மீ’ சாய்கோடு ‘அஸ்’ என்றும் வரும். அவற்றையும் அதே போல அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் படிவம் செல்லாது என்றில்லை. ஆனால் யார் சொல்கிற வாக்குமூலம் என்பது தெளிவாக இருக்காது.

‘வீ’க்கு எவ்வளவு கனம் என்று பாருங்கள். 12 பேர் உள்ள குழு 6,00,000 ரூபாய் வாங்கி, ஆளுக்கு 50,000 பிரித்துக்கொள்கிறது என்று வையுங்கள். ‘என் பங்கு ஐம்பதாயிரம், அதைக் கட்டினா என் கணக்கு முடிஞ்சது’ என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் பத்திரத்தில் ‘வீ’ என்று தொடங்கி ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ என்று எழுதியிருந்தால் ‘நாங்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்று அர்த்தம். இரண்டு பேர் கட்டாமல் விட்டால் அந்தப் பாக்கிக்கு மற்ற பத்துப் பேரும் பொறுப்பு. பத்துப் பேரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். கூட்டாக வாக்குக் கொடுத்தவர்களில் எவர் ஒருவரையும் முழுவதற்கும் கேட்கலாம் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43-ஆவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, அப்படிக் கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கலாம் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியை யாரும் நமக்குச் சொல்வதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

இதைப் படித்துவிட்டுக் குழுக் கடனே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு வங்கி இணைப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, நகையோ நிலமோ ஈடு கேட்காமல் ஏழைப் பெண்களுக்கு வங்கிக் கதவு திறந்ததே இந்த ‘வீ’யை நம்பித்தான். ஒருவருக்கு ஒருவர் துணை நிற்போம் என்பதுதான் நம் ஈடு. யாரோடு சேர்ந்து ‘வீ’ என்று சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக, அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் தாளில் ‘ஐ’ என்று இருக்கும். ‘சும்மா சாட்சிக் கையெழுத்துதான் அக்கா’ என்று நீட்டுவார்கள். சாட்சி என்றால் கையெழுத்துப் போடும்போது பார்த்தவர், அவ்வளவே. ஜாமீன் என்றால் அவர் கட்டாவிட்டால் ‘நான்’ கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. நம் கையெழுத்துக்கு மேலே உள்ள வாக்கியத்தில் ‘ஐ’ இருக்கிறதா, அந்த ‘ஐ’ என்ன செய்வதாகச் சொல்கிறது என்று ஒருவரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

‘வீ’ கட்சி மாறும்

விண்ணப்பப் படிவத்தில் பேசுகிறவர் நாம். ஆகவே அங்கே ‘வீ’ என்றால் நாங்கள், உறுப்பினர்கள். இன்சூரன்ஸ் பாலிசித் தாள்கள் பலவற்றிலும், சில நிறுவனங்களின் கடன் நிபந்தனைத் தாள்களிலும் பேசுகிறவர் நிறுவனம். அங்கே ‘வீ’, ‘அஸ்’, ‘அவர்’ எல்லாம் நிறுவனம். ‘யூ’தான் நாம். ஒரே ‘வீ’, போன தாளில் நாம், இந்தத் தாளில் அவர்கள்! நல்ல நிறுவனங்கள் முதல் பக்கத்திலேயே ‘யூ என்றால் இன்னார், வீ என்றால் இன்னார்’ என்று விளக்கம் போட்டிருப்பார்கள். அதை முதலில் தேடுங்கள். ‘யூ’ என்று வரும் வரியெல்லாம் நாம் செய்ய வேண்டிய வேலை. ‘வீ’ என்று வரும் வரியெல்லாம் அவர்கள் செய்வதாகச் சொன்ன வேலை. பென்சிலால் வட்டம் போட்டுப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

ஆங்கிலமே வேண்டாம், தமிழில் கொடுங்கள் என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடு இல்லாமல் தரும் கடனுக்கு மைக்ரோஃபைனான்ஸ் கடன் என்று பெயர். இந்தக் கடன் ஒப்பந்தம் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட விதிகள் சொல்கின்றன. ‘எங்க ஆபீஸ்ல இங்கிலீஷ் ஃபாரம்தான் இருக்கு’ என்று சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

செக்கில் ‘செல்ஃப்’

தமிழில் ‘தான்’, ‘தன்னை’, ‘தனக்கு’ என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் ‘செல்ஃப்’ சேர்ந்த வார்த்தைகள்: மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹெர்செல்ஃப். ‘ரிஃப்ளெக்சிவ் புரோநவுன்’ என்பது இலக்கணப் பெயர். நம் குழுவின் ஆங்கிலப் பெயரிலேயே ‘செல்ஃப்’ இருக்கிறது, ‘செல்ஃப் ஹெல்ப் குரூப்’. தன் கையே தனக்கு உதவி.

கணக்கில் இருந்து நாமே ரொக்கம் எடுக்கும்போது செக்கில் ‘செல்ஃப்’ என்று எழுதுகிறோம். கணக்குக்கு உரியவருக்கே கொடு என்று பொருள். அதே வரியின் முடிவில் ‘ஆர் பேரர்’ என்று அச்சாகி இருக்கும். கொண்டு வருபவருக்குக் கொடுக்கலாம் என்று அர்த்தம். அதனால் கையெழுத்துப் போட்ட ‘செல்ஃப்’ செக் தொலைந்தால் கிட்டத்தட்ட ரொக்கம் தொலைந்த மாதிரி. உறுப்பினருக்குக் கடன் தரும்போது ‘செல்ஃப்’ போடாமல் அந்த உறுப்பினர் பெயரையே எழுதுவது எல்லோருக்கும் நல்லது.

டிடி எடுக்கும்போது ‘யுவர்செல்ஃப்’ என்று செக் எழுதச் சொல்வார்கள். இங்கே ‘யூ’ யார்? வங்கி. ‘வங்கியே, நீயே எடுத்துக்கொள்’ என்று சொல்கிறோம். எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை செக்கின் பின்பக்கம் எழுதாமல் கொடுக்காதீர்கள். யார் பெயருக்கு டிடி, எவ்வளவு தொகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேறு எதற்கும் மாற்ற முடியாது.

‘எய்தர்’, ‘எனிஒன்’, ‘ஹூம்’

கணவன் மனைவி சேர்ந்து தொடங்கும் கணக்கில் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘எய்தர்’ என்றால் இருவரில் எவராவது ஒருவர். இதுவும் பிரதிப் பெயர்தான். அந்தக் கட்டத்தை டிக் செய்தால் இருவரில் யாரும் தனியாகப் பணம் எடுக்கலாம். ஒருவர் காலமானால் மற்றவருக்குக் கணக்கு போகும். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றால் அப்படி இல்லை. முதலில் பெயர் உள்ளவர் மட்டும்தான் எடுக்கலாம். அவர் காலத்துக்குப் பிறகே இரண்டாமவர். பாஸ்புக்கில் உங்கள் பெயர் இரண்டாவதாக இருந்து, கட்டம் ‘ஃபார்மர்’ என்று இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட நீங்கள் போய் எடுக்க முடியாது. இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ‘ஜாயின்ட்லி’ என்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

செல்போனில் வரும் ஓடிபி செய்தியின் அடியில் ‘டு நாட் ஷேர் வித் எனிஒன்’ என்று இருக்கும். ‘எனிஒன்’ என்றால் யாராக இருந்தாலும். வங்கியில் இருந்து பேசுகிறேன் என்பவரும் அந்த ‘எனிஒன்’தான். தெரிந்த ஏஜெண்டும்தான். பணம் போன செய்தியில் சில வங்கிகள் ‘நாட் யூ?’ என்று கேட்டு ஒரு எண் தரும். ‘இதைச் செய்தது நீங்கள் இல்லையா?’ என்று கேட்கிறார்கள். நாம் செய்யாத செலவு என்றால் உடனே வங்கிக்கும், சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்ணுக்கும் பேச வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்துவது கடினம்.

எனிஒன், சம்ஒன், நோபடி, எவ்ரிஒன் எல்லாம் குறிப்பிட்ட ஆளைச் சொல்லாதவை. ‘இன்டெஃபினிட்’ என்று வகைப்படுத்துவார்கள்.

பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் மேலே பெரிதாக ‘டு ஹூம்சோயெவர் இட் மே கன்சர்ன்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ பெரிய அதிகாரியின் பெயர் என்று ஒரு சகோதரி நினைத்திருந்தார். ‘இது யாருக்குத் தொடர்புடையதோ அவருக்கு’ என்பதுதான் அர்த்தம். ‘ஹூ’ யார். ‘ஹூம்’ யாரை, யாருக்கு. ‘ஹூஸ்’ யாருடைய. ‘விச்’ எது. ‘வாட்’ என்ன. கேள்வி கேட்க வரும்போது இவை ‘இன்டெராகேட்டிவ்’. இதே ‘ஹூ’, ‘விச்’ இரண்டு வாக்கியத்தை ஒட்டவும் வரும். ‘தி வுமன் ஹூ கேம்’ என்றால் வந்த பெண். அப்போது ‘ரிலேட்டிவ்’. திஸ், தட், தீஸ், தோஸ் என்பவை இது, அது, இவை, அவை. சுட்டிக் காட்டுவதால் ‘டெமான்ஸ்ட்ரேட்டிவ்’. இவை தமிழ் போலவே இருப்பதால் அதிகம் சொல்லத் தேவையில்லை.

தீர்மானம் எழுதும்போது

‘லட்சுமி டோல்ட் செல்வி தட் ஷீ மஸ்ட் பே’ என்று ஒரு வாக்கியம். கட்ட வேண்டியது யார்? லட்சுமியா, செல்வியா? இருவருமே ‘ஷீ’தான். தமிழிலும் இந்தச் சங்கடம் உண்டு. ‘லட்சுமி செல்வியிடம் அவர் கட்ட வேண்டும் என்று கூறினார்’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு, ஆறு மாதம் கழித்து இருவரும் அந்த ‘அவர்’ நான் இல்லை என்றால் ஊக்குநர் என்ன செய்வார்? பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் பிரதிப் பெயரை நம்பாமல் பெயரையே திரும்பத் திரும்ப எழுதுங்கள். வாசிக்க அழகாக இருக்காது. பரவாயில்லை. ‘செல்வி 2,000 ரூபாய் கட்ட வேண்டும்’ என்று இருந்தால் சண்டை வராது.

பயிற்சி

அடுத்த கூட்டத்தில் சேர்ந்து செய்து பாருங்கள். பதில் கீழே இருக்கிறது, முதலில் பார்க்காதீங்க.

1. ‘திஸ் செக் புக் ஈஸ் ____.’ மை, மைன் எது சரி?
2. ‘தி மேனேஜர் கால்டு ____.’ வீ, அஸ் எது சரி?
3. ‘செல்வி அண்ட் ____ வென்ட் டு தி பேங்க்.’ ஐ, மீ எது சரி?
4. குழுவின் பெயரில் கடன் விண்ணப்பம். ‘ஐ’ சாய்கோடு ‘வீ’ என்று இருக்கிறது. எதை அடிக்க வேண்டும்?
5. டிடி எடுக்க ‘யுவர்செல்ஃப்’ செக். இதில் ‘யுவர்’ யார்?

பதில்கள்: 1. மைன். 2. அஸ். 3. ஐ. 4. ‘ஐ’யை அடித்து ‘வீ’யை விட வேண்டும். 5. வங்கி.